சித்தேரியிலிருந்து வந்த காஞ்சிக்காரி

அரூர் சந்தையில் அவளைக் காஞ்சிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காஞ்சிபுரத்தைப் பார்த்ததே இல்லை. சித்தேரி மலையில் பிறந்து, அதே மலையில் கொஞ்சம் தள்ளி வாழ்க்கைப்பட்டு, சந்தை நாளில் தேனும் கடுக்காயும் சாமையும் சுமந்துகொண்டு அரூருக்கு இறங்கி வருகிறவள். அரூரைத் தாண்டி அவள் போனதில்லை. ஆனாலும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"இப்ப சித்தேரிங்க. அதுக்கு முன்னால காஞ்சி."

அந்த 'முன்னால்' எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொல்வதைக் கேட்டால் போன அறுப்புக்குத்தான் மலை ஏறினார்கள் போலிருக்கும்.

புளி மண்டிக்காரர் அவள் தலையைக் கண்டதுமே ஆரம்பித்துவிடுவார்.

"வாம்மா காஞ்சிக்காரி. பட்டு கொண்டாந்தியா?"

"கொண்டாரலாம்னுதாங்க எடுத்தேன். உங்க மூஞ்சியப் பாத்தா வெளுத்துப் போயிரும்னு மலையிலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மண்டிக்காரரும் சிரிப்பார். அவள் மட்டும் சிரிக்காமல் கடுக்காய் மூட்டையை அவிழ்ப்பாள்.

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். அவளைக் கேட்காமல் அதை எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விடுகிறேன். நான் எதையுமே இப்படி நாலு தரம் யோசித்துத்தான் செய்வேன். அவள் அப்படி இல்லை.

காஞ்சியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்களாம். அங்கே ராஜாவோடு அவர்களுக்கு மனஸ்தாபம். என்ன மனஸ்தாபம் என்பது அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் மாறும். குலசாமியை ஆளுக்கொரு கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மூவரும் மேற்கே நடந்தார்கள். எந்த இடத்தில் கூடை கனத்து, இனித் தூக்க முடியாது என்று ஆகிறதோ அதுதான் அவரவர்க்கு ஊர். பெரியண்ணனுக்குச் சேர்வராயன் மலையில் கனத்தது. நடு அண்ணனுக்குக் கொல்லிமலையில். சின்னண்ணனுக்குச் சித்தேரியில். "நாங்க மலையில மொளச்ச சனமில்லீங்க, வந்த சனம்" என்று முடிப்பாள்.

மலையில் மற்றவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்களாம். அவள் புருஷன் வீட்டார் சித்தேரிக்கு வந்தது நடு அண்ணன் என்கிற கட்சி. அதனால் கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

"எந்த அண்ணன் வந்தாருன்னே தெரியாத வூட்டுல எப்படிங்க சோறு திங்கறது?"

"அப்புறம் எப்படித் திரும்பி வந்தே?"

"அவரே வந்து கூப்புட்டாரு. சின்னண்ணந்தான், ஒத்துக்கறேன், சோறாக்க ஆளில்ல, வாடின்னாரு."

வந்த வழி தெரியாத எதையும் அவளால் சும்மா விட முடியாது. மனிதர்கள் மட்டுமில்லை, பொருள்களும் அப்படித்தான். புறக்கடைப் படியில் உட்கார்ந்தபடியே எங்கள் சமையற்கட்டில் இருந்த மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள்.

"இது எந்த வழியா வந்துச்சுங்க?"

"பர்மாவுல இருந்து. கப்பல்ல."

"கப்பல்லருந்து எறங்கி?"

பூகோளத்தில் நான் நன்றாக மார்க் வாங்கியவள். "மெட்ராஸ். அப்புறம் ரயில்ல மொரப்பூர். மொரப்பூர்லருந்து மாட்டு வண்டி" என்றேன். நெடுந்தூரம் நடந்து வந்த விருந்தாளியைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் டின்னைத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் பர்மாவில் சண்டை வந்து மண்ணெண்ணெய் நின்றுபோனது. ஊரில் எல்லோரும் சர்க்காரைத் திட்டினார்கள், கடைக்காரரைத் திட்டினார்கள். அவள் மட்டும், "வழி அறுந்துருச்சுங்களே, பாவம்" என்றாள். யாருக்காகப் பாவப்பட்டாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மண்ணெண்ணெய்க்காகத்தான்.

எனக்கு முதல் குழந்தை பிறந்ததும் அந்த வருஷம்தான். என் கணவர் போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாற்றலாகி வந்த ஊர், சொந்தக்காரர் என்று ஒருவரும் பக்கத்தில் இல்லை. தர்மபுரியில் தாய்வீட்டில் பிரசவமாகி, குழந்தையோடு அரூருக்கு வந்தேன். பெண் குழந்தை. இளைத்த குழந்தை. மார்பில் வாய் வைக்கும், இரண்டு மிடறு இழுக்கும், களைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். வருகிறது என்று தெரிந்ததும், சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு தரம் பார்ப்பேன். குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று சொல்லும், அம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருப்பாள். இரண்டையும் செய்துவிட்டு, இரண்டில் எது கெடுதலோ என்று பயப்படுவேன்.

அப்போதுதான் சந்தைக்கு வந்தவள் வழக்கம்போலப் புறக்கடை வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒன்று, மலையில் விட்டுவந்தது இரண்டு. என் குழந்தையை எட்டிப் பார்த்தாள்.

"புள்ளைக்கு வழி சொல்லிட்டீங்களா?"

"என்ன வழி?"

அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். குளிப்பாட்டினீர்களா என்று கேட்டதற்கு 'எதற்கு' என்று நான் கேட்டதுபோல.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். குழந்தை பிறந்தால் அதன் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னோர் வந்த வழியைக் காஞ்சியிலிருந்து ஒவ்வோர் இடமாகச் சொல்லவேண்டும். இடத்துக்கு ஒரு அழுத்து. அது குழந்தை வைக்கும் அடி. கடைசியில் வீட்டு வாசற்படியில் பாதத்தைப் பட வைத்தால்தான் குழந்தை வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இன்னும் நடந்துக்கிட்டுதாங்க இருக்கும். பாருங்க, எளைச்சுப் போயில்ல கெடக்குது."

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும், அவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இண்டூரு."

"அதுக்கு முன்னால?"

"காவேரிக்கு அந்தாண்டேன்னு சித்தப்பா சொல்வாரு. அதெல்லாம் கெடையாதுன்னு மாமா சொல்வாரு. இப்ப எதுக்கு?"

அடுத்த சந்தை நாளில் இதை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ. அவள் விரல் மடக்கிப் பார்த்தாள்.

"இண்டூரு, அரூரு. அவ்வளவுதானுங்களா? உப்பு வாங்கிட்டு வர்ற தூரமாச்சே. இதுல எங்கீங்க புள்ள காலூனறது?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அன்று காலையிலிருந்து குழந்தை சரியாகவே குடிக்கவில்லை. பாலாடையில் புகட்டியதும் கடைவாயில் வழிந்துவிட்டது. படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று ஒரு மனம். சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று இன்னொரு மனம். கணவரைக் கேட்காமல் செய்யலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் தெரியாமலே, "நீயே சொல்லிடேன்" என்று குழந்தையை அவள் மடியில் வைத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் வலது பாதத்தைப் பிடித்தாள். அதுவரை இருந்த குரல் மாறிவிட்டது. காஞ்சி என்றாள், கட்டைவிரலால் பாதத்தில் ஒரு அழுத்து. பாலாறு என்றாள். ஆறு வந்ததும் நனையாமல் இருக்கக் காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். திருவண்ணாமலை. செங்கம். பெண்ணையாறு, மறுபடியும் காலைத் தூக்கினாள். அடுத்து ஒன்றும் சொல்லாமல் பாதத்தை விட்டுவிட்டாள். ஒரு மூச்சு விட்டு மறுபடி பிடித்து, தீர்த்தமலை என்றாள்.

அந்த இடைவெளியைப் பற்றிப் பிறகு கேட்டேன். ஆற்றுக்கும் தீர்த்தமலைக்கும் நடுவில் அவர்கள் தங்கிய ஓர் இடம் உண்டாம். அதன் பெயரை யாரோ ஒரு தலைமுறையில் மறந்துவிட்டார்கள்.

"வேற பேரு ஏதாவது வெச்சுக்கக் கூடாதா?"

"நாம வெச்சா அது நாம வெச்ச எடமில்லீங்களா? அவங்க தங்குன எடம் எப்படி ஆவும்? தெரியலைன்னா கைய உட்டுட்டு ஒரு மூச்சு நின்னுட்டுப் போவோணும்."

இது பிறகு பேசியது. அன்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்த்தமலையிலிருந்து அவள் வேகம் கூடியது. காட்டாறு, புளியந்தோப்பு, மலையடிவாரம், ஏத்தம், சுனை என்று, தூங்கிக்கொண்டே சொல்லக்கூடிய அளவுக்கு மனப்பாடம். "சித்தேரி, பலா மரம், மாட்டுப்பட்டி, எங்க வூட்டு வாசப்படி" என்று சொல்லி, குழந்தையின் பாதத்தை எங்கள் புறக்கடைப் படியில் வைத்து அழுத்தினாள்.

உடனே கையை எடுத்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"தப்பு பண்ணிட்டேங்க."

"என்னன்னு சொல்லேன்."

"புள்ளைய எங்க வூட்டுல எறக்கி உட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தீர்த்தமலையிலிருந்து சித்தேரிக்குப் போகிற வழியில்தானே அரூர் இருக்கிறது, இங்கேயே இறக்கிவிடக் கூடாதா என்று என் பூகோளத்தைக் காட்டினேன்.

"அப்ப அரூரே இல்லீங்க. காடு. காட்டுல புள்ளைய உடுவாங்களா?"

"சரி, இப்ப மலையிலிருந்து இங்கே வர்ற வழியைச் சொல்லிடு."

"இங்க உக்காந்துக்கிட்டு எப்படிங்க சொல்றது? புள்ள அங்க இருக்குது. இருக்கற எடத்துலருந்துதான் கூட்டியாரோணும்."

தெருவில் அவள் கூட்டத்தார் கிளம்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் அடிவாரத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "பயந்துக்காதீங்க. எங்க புள்ளைங்களோட இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கூடையைக்கூட மறந்துவிட்டாள்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அங்க தேனும் தினைமாவும் சாப்பிட்டுக்கிட்டு ஜோரா இருப்பா" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருந்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் குழந்தை குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரின் மேல்மூலையையே பார்த்தது. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், பிறகு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஒரு பையில் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

சந்தை நாளாக இல்லாத ஒரு நாள், பிற்பகலில், மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தபோது தெருவில் பேச்சுக்குரல் கேட்டது.

"என்னா காஞ்சிக்காரி, இன்னிக்கி சந்தையில்லயே. ஏம்மா, காது கேக்கலயா? ஓஹோ, பேச மாட்டீங்களோ?"

புளி மண்டிக்காரரின் குரல். அவள் பதில் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். தொப்பலாக நனைந்து வந்துகொண்டிருந்தாள். குழந்தையைக் கட்டும் துணித் தூளி தோளில் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. ஆனால் தூளியின் அடியில் ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் முந்தானையை அதன்மேல் பிடித்து மறைத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்துக் காலை வைத்து நடந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் அவள் புருஷன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

எப்போதும் புறக்கடைப் படியைத் தாண்டாதவள். அன்று தெருவாசல் வழியாக நேரே உள்ளே வந்தாள். அவளை உள்ளே விடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், முதல் தடவையாக, காரியம் நடந்து முடிந்துவிட்டது. குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டுத் தூளியை மெதுவாக இறக்கினாள். பாதத்தைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரி மொனை. வேப்பமரம். வாத்தியாரு வூட்டு வாசப்படி." ஒரு அழுத்து. "உங்க அம்மா."

பாதத்தைத் தூக்கி என் கையில் வைத்தாள். ஈரக் கையால் அவள் பிடித்திருந்ததால் அது குளிர்ந்திருந்தது. என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது.

பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மடை திறந்ததுபோலப் பேச ஆரம்பித்தாள். மலை வீட்டை விட்டதிலிருந்து இடப் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரக்கூடாதாம். வந்தால் குழந்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"கால்ல அட்டை ஏறுதுங்க, சொல்ல முடியல. இந்த மனுசன் ஒத்தையடிப் பாதையில தப்பா திரும்பறாரு, சொல்ல முடியல. நான் நின்னுக்கிட்டு கைய ஆட்டறேன். சாமி வந்துருச்சுன்னு கும்புடறாருங்க."

அவள் புருஷன் வாசலில் நின்றபடி, "கண்ணை உருட்டுனா நான் என்னான்னு நெனைக்கறது?" என்றார்.

"மண்டிக்காரரு கேட்டதுக்கு நாக்கு நுனி வரைக்கும் பதிலு வந்துச்சுங்க. முழுங்கிட்டேன். இனி அடுத்த சந்தைக்குத்தான்."

நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து நான் சிரித்து அன்றுதான் பார்த்ததாகக் கணவர் பிறகு சொன்னார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. இப்ப தேவலை" என்றேன் அவளிடம்.

"எனக்குத் தெரியாதுங்களா? எங்க வூட்டுல நல்லாத்தான் தின்னா. இப்ப பால் குடுங்க. நடந்து வந்த களைப்பு, குடிப்பா."

மார்பில் எடுத்து வைத்தேன். முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு மிடறு, நிறுத்தம், மறுபடி இரண்டு மிடறு. அன்று நிறையக் குடித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் அதைவிட அதிகம். எடுத்து வைத்த பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப வைத்தேன். டாக்டர் மருந்தாலா, நான் சிரித்ததாலா, அவள் கொண்டுவந்து சேர்த்ததாலா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. முன்பென்றால் இந்தக் கேள்வியே என் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். இதை மட்டும் எப்படியோ ஒரு மூச்சு நின்று கடந்துவிட்டேன்.

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது எங்களுக்குப் பாப்பாரப்பட்டிக்கு மாற்றலானது. அன்றைக்கு அவள் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தாள். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் யுத்த காலத்துக் கரி பஸ். கண்டக்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது எந்த வழியாகப் போகும் என்று ஒவ்வோர் ஊராகக் கேட்டாள். அவர் எரிச்சலோடு மொரப்பூர், தர்மபுரி என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் உதட்டுக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "தூங்கிராதீங்க. சன்னலோரமா உக்காந்து பாத்துக்கிட்டே போங்க. பின்னால புள்ள கேப்பா" என்றாள். கரிப் புகையில் குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். நான் அவளைத் துடைத்துக்கொண்டே, ஒரு ஊரையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு காஞ்சிக்காரியை நான் பார்க்கவில்லை.

என் பெண் இப்போது கணவருடைய பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். அவள் வந்த வழியையும் மலை வீட்டில் தங்கியதையும் தூங்கவைக்கும்போது நான் அவளுக்குக் கதையாகச் சொல்வதுண்டு. சொந்த ஊர் எது என்று வகுப்பில் கேட்டதற்கு, "இப்ப பாப்பாரப்பட்டி. அதுக்கு முன்னால சித்தேரி. அதுக்கு முன்னால காஞ்சி" என்று சொல்லியிருக்கிறாள். மற்ற வாத்தியார்கள் என் கணவரைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறார்கள். இண்டூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு விஷயம் எட்டி, பெண்ணுக்கு என்ன சொல்லி வளர்க்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். திருத்த வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். அவள் தூங்கும்போது பாதத்தைப் பார்ப்பேன். அந்த வழியாகத்தானே வந்தாள்.

போன மாதம் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பையன். இவனும் சற்று இளைப்புத்தான், ஆனால் நன்றாகக் குடிக்கிறான். நேற்று மத்தியானம் அவனை மடியில் போட்டுக்கொண்டு வலது பாதத்தைப் பிடித்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இண்டூருக்கு முன்னால் இருந்தது யாருக்கும் தெரியாது. காவேரிக்கு அந்தாண்டை என்று சொன்னால் மாமாவுக்குப் பொய், இல்லை என்றால் சித்தப்பாவுக்குப் பொய். அதனால் முதலில் பாதத்தை விட்டுவிட்டு ஒரு மூச்சு நின்றேன். பிறகு பிடித்து, இண்டூர் என்றேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து சோற்றுக்கு வந்திருந்த மகள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தப்பா சொல்றீங்க. காஞ்சியில இருந்து ஆரம்பிக்கோணும்."

"தம்பி அந்த வழி இல்லம்மா."

"நான் மட்டும் அந்த வழி, அவன் மட்டும் எப்படி வேற வழி? ஒரே வூடுதானே."

அவள் என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவனுடைய இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு ரெண்டு காலு இருக்குது இல்ல? நீங்க அதைக் கூட்டியாங்க. நான் இதைக் கூட்டியாரேன்."

அவள் காஞ்சியில் தொடங்கினாள். நான் இண்டூரில் காத்திருந்தேன். பாலாற்றில் அவன் காலைத் தூக்கினாள், பெண்ணையாற்றில் தூக்கினாள். அதற்கப்பால் பாதத்தை விட்டுவிட்டு ஒரு மூச்சு நின்றாள். யாரும் சொல்லாமலே நின்றாள். சித்தேரியில் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும், "இங்க கொஞ்ச நேரம் தின்னட்டும்" என்று சொல்லி உண்மையாகவே நிறுத்தினாள். பையன் கொட்டாவி விட்டான். "போதும், வா" என்று அவனை மலையிலிருந்து இறக்கி, அரூர், மொரப்பூர், தர்மபுரி என்று நடத்திக்கொண்டு இண்டூருக்கு வந்து சேர்ந்தாள். அங்கிருந்து இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

வாசற்படியில் அவன் பாதங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்து அழுத்தினோம். வெயிலில் கல் சுட்டிருக்க வேண்டும். வீறிட்டு அழுதுகொண்டு, நல்ல பலமாக, இரண்டு காலாலும் எங்கள் கைகளை உதைத்தான்.